ஹோட்டலிலேயே தங்கி அதே ஹோட்டலில் இரவு வேலை: ஒத்துக்கொள்ளலாமா?

இரவுப்பணி:

வணக்கம். நான் ஹோட்டல் ஃப்ரண்ட் ஆபீஸ் (வரவேற்புப் பிரிவு) ஆள். இதுவரை வீட்டிலிருந்து போய் வந்துதான் வேலை பார்த்திருக்கிறேன். இப்போது வேறு ஊரில், 140 அறைகள் உள்ள ஒரு ஹோட்டலில் நைட் டூட்டி மேனேஜர் பதவி கிடைத்திருக்கிறது. இரவு 11 மணி முதல் காலை 7 மணி வரை ஷிஃப்ட். நைட் ஆடிட்டும், அதாவது அன்றைய கணக்கை ராத்திரியில் சரிபார்த்து முடிப்பதும், என் பொறுப்பில் வரும். தங்குவதற்கு ஹோட்டலுக்குள்ளேயே, மூன்றாவது மாடியில் காரிடாரின் கடைசியில் ஓர் அறை தருகிறார்கள். ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ் இல்லை, விருந்தினர் அறைதான். கொஞ்ச காலமாக யாருக்கும் கொடுக்காமல் பூட்டி வைத்திருந்த அறை என்றார்கள்.

வாடகை மிச்சம், சாப்பாடு ஸ்டாஃப் கேன்டீனில், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் வேலை இல்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆஃபர் லெட்டரில் இதைப் பற்றி ஒரே வரிதான்: ‘தங்குமிடம் வழங்கப்படும், அவசரத் தேவைக்கு அழைக்கும்போது வர வேண்டும்.’ அந்த இரண்டாவது பாதிதான் உறுத்துகிறது. நான் தூங்கப் போகும் நேரத்தில்தானே ஹோட்டலில் செக்-அவுட் கூட்டம் தொடங்கும்?

மனைவியும் மகளும் இப்போதைக்குப் பழைய ஊரிலேயே இருப்பார்கள். அதனால் அந்த அறைதான் எனக்கு வீடு. விஞ்ஞானி நிகோலா டெஸ்லா பல வருடம் ஹோட்டல் அறையிலேயே வாழ்ந்தார் என்று படித்தபோது ஆசையாக இருந்தது. ஊழியராக வாழ்வதும் அதே மாதிரி இருக்குமா? தங்கி வேலை பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் என்னென்ன கேட்க வேண்டும்? வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

பயணப்பெட்டி:

வாழ்த்துகள். நான் ஹோட்டல் ஊழியர் இல்லை. வேலை காரணமாக மாதக்கணக்கில் ஹோட்டல் அறைகளில் தங்கி, அங்கேயே உட்கார்ந்து வேலை செய்கிறவன். விருந்தினர் பக்கத்திலிருந்து எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

டெஸ்லா 1934-லிருந்து 1943 ஜனவரியில் இறக்கும்வரை நியூயார்க்கில் ‘நியூயார்க்கர்’ ஹோட்டலின் 33-ஆவது மாடியில், 3327-ஆம் எண் அறையில் இருந்தார். வாடகையைக் கட்டியது வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம். அதற்கு முன்னால் அவர் இருந்த ஹோட்டல்களில் பாக்கி ஏறி ஏறித்தான் இடம் மாறிக்கொண்டே இருந்தார். அந்தக் கதையில் ஆசைப்படுவதற்கு அவ்வளவு இல்லை. எனக்கு உதவிய உதாரணம் கோகோ ஷனெல். பாரிஸில் ரிட்ஸ் ஹோட்டலில் பல காலம் வாழ்ந்தார், 1971-ல் இறந்ததும் அங்கேதான். ஆனால் வேலைக்கு அவர் தெருவைத் தாண்டி எதிரே இருந்த தன் கடைக்கும் பட்டறைக்கும் போனார். தூங்கும் இடத்துக்கும் வேலை இடத்துக்கும் நடுவில் ஒரு தெருவாவது இருந்தது. உங்களுக்கு அந்தத் தெரு இல்லை. அதை நீங்களேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

நான் அறைக்குள் செய்வது இவ்வளவுதான்: கட்டிலில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறக்க மாட்டேன். மேசை ஜன்னல் பக்கம் இருக்க வேண்டும். பெட்டியிலிருந்து துணியை முழுக்க எடுத்து அலமாரியில் வைத்துவிடுவேன், பெட்டி கண்ணில் படாத இடத்துக்குப் போய்விடும். பெட்டியில் இருந்தே துணி எடுத்து உடுத்தினால் எத்தனை மாதமானாலும் நாளைக்குக் கிளம்பப் போகிற மனநிலைதான் இருக்கும்.

அறையைப் பார்க்கும்போது லிஃப்ட் பக்கமா, சர்வீஸ் பேன்ட்ரி (ஊழியர்கள் சாமான் வைத்து எடுக்கும் சிற்றறை) பக்கமா, கீழே பேங்க்வெட் ஹால் (விருந்து மண்டபம்) இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்து அறைக்குப் போகும் இணைப்புக் கதவு இருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பூட்டியே இருந்தாலும் அந்தக் கதவு வழியாக இருமல் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்கும். காரிடாரின் கடைசி அறை பெரும்பாலும் அமைதியானதுதான், அந்த வகையில் நல்லது. மற்றபடி, கிடைக்கிற வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதுதான் என் கருத்து.

லினன்_ரூம்:

தம்பி, நான் ரூம் அட்டெண்டன்டாகச் சேர்ந்து, எக்ஸிக்யூட்டிவ் ஹவுஸ்கீப்பராக, அதாவது அறைகளைச் சுத்தம் செய்யும் துறையின் தலைவராக, ஓய்வு பெற்றவள். வேலைக் காலத்தில் பெரும்பகுதி ஹோட்டலுக்குள்ளேயே தங்கியிருந்தேன். முதலில் லாண்டரிக்குப் பின்னால் ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ், பிறகு உங்களுக்குத் தருவது போலவே விருந்தினர் மாடியில் ஓர் அறை. அந்த வாழ்க்கை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. ராத்திரி ரெண்டு மணிக்கு லாபி எப்படி இருக்கும், மழை நாளில் எந்தக் காரிடாரில் ஈரவாடை வரும் என்று ஒரு கட்டடத்தை இவ்வளவு நெருக்கமாகத் தெரிந்துகொள்ள வேறு எந்த வேலையிலும் முடியாது. அதனால் போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. எப்படிப் போக வேண்டும் என்று சொல்கிறேன்.

முதலில் இதைப் புரிந்துகொள்ளுங்கள். உங்களுக்கு அது வீடு. ஹோட்டலின் கணக்கில் அது இன்று ராத்திரி விற்கக்கூடிய ஓர் அறை. கம்ப்யூட்டரில் அந்த எண்ணுக்கு என்ன நிலை போட்டிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் நிம்மதி. நீங்கள் ஃப்ரண்ட் ஆபீஸ் என்பதால் உடனே புரியும்: ‘ஹவுஸ் யூஸ்’ (ஹோட்டலின் சொந்த உபயோகத்துக்கு) என்று, நீண்ட காலத்துக்கு, உங்கள் பெயரில் போடச் சொல்லுங்கள். சில இடங்களில் சோம்பலுக்கு ‘அவுட் ஆஃப் ஆர்டர்’ என்று போட்டு வைப்பார்கள். அப்படிப் போட்டால் மெயின்டனன்ஸ் ஆட்கள் அறையில் என்ன கோளாறு என்று பார்க்க வந்து கதவைத் தட்டுவார்கள். ஹோட்டல் நிரம்புகிற நாளில், அறை விற்பனையைப் பார்க்கிற ரெவின்யூ மேனேஜர் முதலில் கண் வைப்பதும் அந்தப் பட்டியலில்தான்.

கண் வைப்பார்களா என்று கேட்காதீர்கள். நான் வேலை பார்த்த ஒரு ஹோட்டலில் பேங்க்வெட் மேனேஜருக்கு இப்படித்தான் அறை கொடுத்திருந்தார்கள். பெரிய மாநாடு ஒன்று வந்தது, ஹோட்டல் முழுக்க நிரம்பியது. அவர் கீழே அதே மாநாட்டுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அவர் துணிமணியை லினன் (படுக்கை விரிப்பு, துண்டு) டிராலியில் ஏற்றி ஸ்டோருக்கு அனுப்பிவிட்டு அறையை விற்றுவிட்டார்கள். ஏற்றச் சொல்லி உத்தரவு வந்தது என் துறைக்குத்தான். அவர் மகள் வரைந்து கொடுத்த படத்தைச் சுவரிலிருந்து என் பெண்களில் ஒருத்தி கிழியாமல் எடுத்து, துண்டுகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டு வந்தாள். அந்த மனிதர் ஷிஃப்ட் முடிந்து ராத்திரி ஒன்றரை மணிக்கு மேலே போய்க் கதவைத் திறக்கப் பார்த்தபோது சாவி அட்டை வேலை செய்யவில்லை. எந்த விதியும் மீறப்படவில்லை, ஏனென்றால் எழுத்தில் எந்த விதியும் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், உங்கள் ஆஃபர் லெட்டரில் இருக்கிற அந்த ஒரு வரி போதாது. அறை எண், அது விற்கப்படாது என்பது, மாற்ற வேண்டி வந்தால் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், நீங்கள் இல்லாமல் யார் உள்ளே வரலாம், வேலையை விட்டால் எத்தனை நாளில் காலி செய்ய வேண்டும், எல்லாம் எழுத்தில் வர வேண்டும். மேலாளர் நல்லவராக இருக்கலாம். அவர் மாற்றலாகிப் போனால் அடுத்தவருக்கு உங்களைத் தெரியாது.

அடுத்தது தூக்கம். பகலில் தூங்குகிறவருக்கு ஹவுஸ்கீப்பிங்தான் முதல் எதிரி, என் துறையைப் பற்றி நானே சொல்கிறேன். காலை 9-லிருந்து மதியம் 2 வரை மாடியில் வேக்கூம் ஓடும், டிராலி உருளும், கதவுகள் சாத்தும், ‘ஹவுஸ்கீப்பிங்’ என்று குரல் கொடுத்துக்கொண்டே போவார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எக்ஸிக்யூட்டிவ் ஹவுஸ்கீப்பரைப் போய்ப் பாருங்கள். உங்கள் அறையிருக்கும் பக்கத்தைக் கடைசியில் சுத்தம் செய்ய முடியுமா என்று கேளுங்கள். செக்‑அவுட் அறைகளை எந்த வரிசையில் எடுப்பது என்பதை மாடி சூப்பர்வைசர் ஓரளவு மாற்றலாம். கேட்டால் செய்வார்கள், கேட்காவிட்டால் யாருக்கும் தெரியாது. ஃபயர் அலாரம் சோதனை, ஜெனரேட்டர் சோதனை எந்தக் கிழமை, எந்த நேரம் என்று மெயின்டனன்ஸில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் திரையில் கெட்டியான உள்திரை இருக்க வேண்டும். ஓரத்தில் வெளிச்சம் வந்தால் ஹேங்கரில் இருக்கிற கிளிப்பை எடுத்து நடுவில் கவ்வ விடுங்கள், விமானப் பணியாளர்கள் எல்லோரும் அதைத்தான் செய்வார்கள்.

கதவில் தொங்கவிடும் டிஎன்டி (‘தொந்தரவு செய்யாதீர்கள்’) அட்டையை மட்டும் நம்பாதீர்கள். 2017 அக்டோபரில் லாஸ் வேகஸில் ஹோட்டல் அறை ஒன்றிலிருந்து நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு பல பெரிய குழுமங்கள் அந்த விதியை மாற்றின. குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் அட்டை தொங்கினால் யாராவது தட்டிப் பார்ப்பார்கள். உங்கள் கதவில் தினமும் பகலெல்லாம் அட்டை தொங்கப் போகிறது. மாடிப் பட்டியலில் உங்கள் எண்ணுக்கு எதிரே ‘நைட் ஸ்டாஃப், மதியம் 4 வரை தட்டக்கூடாது’ என்று தினமும் அச்சாகி வர வேண்டும். வாய்ச்சொல்லாக விட்டால் அன்றைக்கு லீவில் போனவருக்குப் பதிலாக வந்த மாற்று ஆள் தட்டிவிடுவார், அவர்மேல் தப்பும் இல்லை.

கொஞ்ச காலமாகப் பூட்டி வைத்திருந்த அறை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் கவலை. மணி கணக்கில் இல்லை, நாள் கணக்கில் குழாயில் நின்ற தண்ணீர் ஆபத்தானது. 1976-ல் ஃபிலடெல்ஃபியாவில் பெல்வியூ-ஸ்ட்ராட்ஃபோர்டு ஹோட்டலில் நடந்த மாநாட்டுக்கு வந்தவர்களைத் தாக்கிய காய்ச்சலில்தான் லீஜியனெல்லா என்ற கிருமியே தெரிய வந்தது. தண்ணீர் 20 முதல் 45 டிகிரி வரை வெதுவெதுப்பாகத் தேங்கியிருந்தால் அது பெருகும், ஷவரில் தெறிக்கும் நுண்துளியோடு நுரையீரலுக்குள் போகும். அதனால்தான் சுடுதண்ணீர்த் தொட்டியை 60 டிகிரியில் வைப்பதும், காலியான அறைகளின் குழாய்களை வாராவாரம் திறந்து விடுவதும். நீங்கள் குடிபோகும் முன் ஷவர் தலையைக் கழற்றிச் சுண்ணாம்புப் படிவு நீக்கித் தரச் சொல்லுங்கள். எல்லாக் குழாய்களையும் சில நிமிடம் ஓட விடச் சொல்லுங்கள், சுடுதண்ணீர்ப் பக்கம் முழுச் சூடு வரும்வரை. அந்த நேரத்தில் பாத்ரூமுக்குள் நிற்க வேண்டாம். மெத்தையின் தையல் ஓரங்களையும் கட்டிலின் தலைப்பலகைக்குப் பின்புறத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கரும்புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி. அந்த அறைக்குள் பெட்டியை வைக்கவே கூடாது.

உங்கள் அறையை யார் சுத்தம் செய்வார்கள் என்பதையும் கேளுங்கள். இதை யாரும் கேட்பதில்லை. ரூம் அட்டெண்டன்டுக்கு ஒரு நாளைக்கு இத்தனை கிரெடிட் (வேலைப் புள்ளி) என்று கணக்கு உண்டு. செக்-அவுட் அறைக்குக் கூடுதல், தங்கியிருப்பவர் அறைக்குக் குறைவு. ஊழியர் அறையைப் பல இடங்களில் அந்தக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். ‘அப்படியே அதையும் பார்த்துடும்மா’ என்று போகிற போக்கில் சொல்வார்கள். மெத்தையைத் தூக்கி விரிப்பு செருகுவது எவ்வளவு இடுப்பு வலி தரும் என்று செய்தவர்களுக்குத்தான் தெரியும். கலிஃபோர்னியா மாநிலம் 2018-ல் ஹோட்டல் ஹவுஸ்கீப்பிங் ஊழியர்களின் தசை, மூட்டுக் காயங்களைத் தடுப்பதற்கென்றே தனி விதி கொண்டுவந்தது, அவ்வளவு பரவலான பிரச்சினை. அதனால் உங்கள் அறை அவர்கள் கணக்கில் ஏற வேண்டும். இல்லையென்றால் வாரத்துக்கு ஒருமுறை அழுக்கு லினனை நீங்களே உருவி லினன் ரூமுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துப் புதியதை வாங்கி வாருங்கள். மேனேஜர் என்பதால் கூச்சப்பட வேண்டாம். அந்த ஒரு பழக்கத்தால் அந்தக் கட்டடத்தில் உங்களுக்குக் கிடைக்கும் அன்பும் தகவலும் வேறு எந்த வழியிலும் கிடைக்காது.

ஷிஃப்ட்_கணக்கு:

மேலே அக்கா எழுதியதற்குப் பிறகு சேர்க்க அதிகம் இல்லை. நான் தொழிற்சங்கத்தில் ஹோட்டல் ஊழியர்களின் வேலை நேர விவகாரங்களைப் பார்க்கிறவன். ‘அழைக்கும்போது வர வேண்டும்’ என்ற அந்தப் பாதி வரியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. ஆனால் இந்தக் கேள்வியை ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் நன்றாகவே அலசியிருக்கிறது, யோசிக்க உதவும். 2003-ல் ஜெர்மனியில் ஒரு மருத்துவர் வழக்கு. மருத்துவமனையிலேயே இருக்க வேண்டும், அழைக்காதபோது அங்கே தரப்பட்ட அறையில் தூங்கலாம். தூங்கிய நேரமும் வேலை நேரம்தான் என்று தீர்ப்பு வந்தது. 2018-ல் பெல்ஜியத்தில் ஒரு தீயணைப்பு வீரர் வழக்கு. வீட்டில்தான் இருப்பார், ஆனால் கூப்பிட்டால் 8 நிமிடத்தில் நிலையத்தில் நிற்க வேண்டும். அதுவும் வேலை நேரம் என்றார்கள். 2021-ல் ஸ்லோவேனியாவில் மலைமேல் இருந்த ஒலிபரப்பு நிலையத் தொழில்நுட்பப் பணியாளர் வழக்கு. வேலையிடத்திலேயே தங்கியிருந்தாலும், கூப்பிட்டால் ஒரு மணி நேரத்தில் வந்தால் போதும். அங்கே நீதிமன்றம் சொன்னது: வேலையிடத்தில் தங்குவதால் மட்டுமே அந்த நேரம் முழுக்க வேலை நேரம் ஆகிவிடாது. கூப்பிடப்படும் கடமை அவருடைய சொந்த நேரத்தை எவ்வளவு கட்டிப்போடுகிறது என்று பார்க்க வேண்டும்.

ஆக, நீங்கள் கேட்க வேண்டியது ‘அவசரம்’ என்பதற்கு என்ன அர்த்தம் என்று மட்டும் இல்லை. கூப்பிட்டால் எத்தனை நிமிடத்தில் வர வேண்டும்? ஊருக்குள் போயிருந்தால் திரும்பி வர வேண்டுமா? வந்தால் அந்த நேரத்துக்குச் சம்பளமா, காம்ப் ஆஃபா (ஈடான விடுமுறையா)? அதன் பிறகு அடுத்த ஷிஃப்டுக்குள் எத்தனை மணி நேரம் ஓய்வு? இந்த நான்குக்கும் பதில் இல்லாத ஒப்பந்தத்தில் 8 மணி நேர ஷிஃப்ட் என்பது பெயருக்குத்தான்.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு ஹோட்டல், உணவக ஊழியர்களுக்கென்றே 1991-ல் 172-ஆவது உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. நியாயமான தினசரி ஓய்வும் வார ஓய்வும் வேண்டும், முடிந்தவரை ஷிஃப்ட் அட்டவணையைப் போதிய அளவு முன்கூட்டியே சொல்ல வேண்டும், டிப்ஸ் வந்தாலும் வராவிட்டாலும் ஓர் அடிப்படைச் சம்பளம் சீராகத் தரப்பட வேண்டும் என்கிறது. வேலை வாங்கித் தரக் காசு கேட்பதையும், கொடுப்பதையும் அது தடை செய்கிறது. உங்கள் நாடு அதை ஏற்றிருக்கிறதோ இல்லையோ, பேசும்போது எடுத்து வைக்க நல்ல அளவுகோல்.

இன்னொன்று. வேலைக்காகத் தரப்படும் அறையில் இருப்பவருக்கு வாடகைதாரருக்குரிய பாதுகாப்பு பல நாடுகளில் கிடையாது. வேலை போனால் அறையும் போகும். விருந்தினர் நிலையே சில இடங்களில் மேல். கலிஃபோர்னியாவில் 30 நாளுக்கு மேல் தொடர்ந்து தங்குகிறவருக்கு வாடகைதாரர் உரிமை வந்துவிடும் என்பதால், அதற்கு முன்னாலேயே வெளியே அனுப்பி மறுபடி சேர்த்துக்கொள்கிற தந்திரத்தைச் சட்டம் போட்டே தடுக்க வேண்டியிருந்தது. உங்கள் சம்பளச் சீட்டில் தங்குமிடத்துக்கு என்று ஏதாவது பிடிக்கிறார்களா என்றும் பாருங்கள். பிரிட்டனில் குறைந்தபட்சச் சம்பளக் கணக்கில் அப்படிப் பிடிப்பதற்குத் தனி உச்சவரம்பே வைத்திருக்கிறார்கள்.

இரவுப்பணி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ஜெனரல் மேனேஜரிடம் பேசினேன். ‘ஹவுஸ் யூஸ்’ விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டு ஒத்துக்கொண்டார், அறை எண்ணோடு கடிதம் தருகிறார். காலி செய்ய 30 நாள் அவகாசமும் எழுதித் தருகிறார். தண்ணீர் பற்றிக் கேட்டபோது சீஃப் இன்ஜினியரையே கூப்பிட்டுவிட்டார். குழாய் திறந்து விட்ட பதிவேட்டைக் காட்டினார்கள், அந்த அறை அதில் இருந்தது, ஆனால் போன மாதம் ஒரு வாரம் விட்டுப்போயிருந்தது. மறுபடி செய்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

அழைப்பு விஷயத்தில்தான் இழுபறி. ‘தீ, வெள்ளம், உயிருக்கு ஆபத்து மட்டும்’ என்று எழுதலாம் என்கிறார், ஆனால் பகல் டூட்டி மேனேஜர் லீவு எடுக்கிற நாளில் நான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறார். இதற்கு என்ன சொல்வது? அப்புறம், லினன் ரூம் அக்காவிடம் ஒரு கேள்வி. ஷிஃப்ட் இல்லாத நேரத்தில் லாபி வழியாகப் போகும்போது விருந்தினர் யாராவது உதவி கேட்டால் என்ன செய்வது? முகம் தெரிந்துவிட்டால் விட மாட்டார்களே. மகள் விடுமுறைக்கு வந்தால் என்னோடு தங்கலாமா என்றும் கேட்க நினைத்தேன், கேட்கத் தயக்கமாக இருந்தது.

ஷிஃப்ட்_கணக்கு:

பகல் ஆள் லீவு என்பது அவசரம் இல்லை, ரோஸ்டர் (ஷிஃப்ட் அட்டவணை) போடுகிறவரின் வேலை. ‘முன்கூட்டியே ரோஸ்டரில் போட்டால், முந்தைய இரவு ஷிஃப்டைக் குறைத்துக்கொண்டு வருகிறேன்’ என்று சொல்லுங்கள். மறுப்பாகவும் இருக்காது, ராத்திரி முழுக்க விழித்துவிட்டுப் பகலும் நிற்க வேண்டியிருக்காது.

லினன்_ரூம்:

தம்பி, அந்த விட்டுப்போன ஒரு வாரத்தைக் காட்டினார்கள் பாருங்கள், அதிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. மறைக்க நினைக்கிறவர்கள் பதிவேட்டை எடுத்தே வர மாட்டார்கள்.

மகள் விஷயத்தைக் கட்டாயம் கேளுங்கள், தயங்காதீர்கள். கேட்காமல் வரவழைத்தால்தான் சிக்கல். ராத்திரி கட்டடத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியலில் அவள் பெயர் வர வேண்டும். இது மரியாதைக்காகச் சொல்வது இல்லை. நைட் ஆடிட் முடிந்ததும் தங்கியிருப்பவர் பட்டியலைக் காகிதத்தில் அச்செடுத்து வைக்கிறீர்கள் இல்லையா, சிஸ்டம் படுத்தாலும் கரண்ட் போனாலும் கையில் இருக்க வேண்டும் என்று. தீ வந்தால் அந்தக் காகிதத்தை வைத்துத்தான் யார் வெளியே வந்தார்கள், யார் வரவில்லை என்று எண்ணுவார்கள். ‘ஹவுஸ் யூஸ்’ அறைகள் அந்தப் பட்டியலில் பெயரில்லாமல் வெறும் எண்ணாக அச்சாவதை நான் பார்த்திருக்கிறேன். 1980-ல் லாஸ் வேகஸ் எம்ஜிஎம் கிராண்ட் தீயில் 85 பேர் இறந்தார்கள். நெருப்பு பிடித்தது கீழே ஓர் உணவகத்தில். இறந்தவர்களில் பெரும்பாலோர் பல மாடி மேலே, படிக்கட்டு வழியாகவும் லிஃப்ட் குழி வழியாகவும் ஏறிய புகையில். ராத்திரியில் உங்களோடு டூட்டியில் இருக்கப் போவது நாலைந்து பேர்தான். உங்கள் அறையிலிருந்து படிக்கட்டுக் கதவு எத்தனை கதவு தள்ளி இருக்கிறது என்று தடவிப் பார்த்தே எண்ணி வைத்துக்கொள்ளுங்கள், மகள் வந்தால் அவளையும் எண்ண வையுங்கள். பகலில் நீங்கள் தூங்கும்போது தீ வந்தால் நீங்கள் மேனேஜர் இல்லை, மூன்றாவது மாடியில் தூங்குகிற ஓர் ஆள். உங்களை எழுப்பி வெளியே அனுப்ப வேண்டியது பகல் டூட்டி மேனேஜரின் பொறுப்பு என்பது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

லாபி கேள்விக்கு வருகிறேன். ஷிஃப்ட் முடிந்ததும் ஹேண்ட்ஓவர் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு, மாஸ்டர் கீயை ஒப்படைத்து, யூனிஃபார்மை ஸ்டாஃப் லாக்கரிலேயே மாற்றிவிட்டு அறைக்குப் போங்கள். யூனிஃபார்மோடு அறைக்குப் போகாதீர்கள், அது அறைக்கதவுப் பின்னால் தொங்கவே கூடாது. மாஸ்டர் கீ உங்களிடம் இருந்தால் ‘ஒரு நிமிஷம்’ என்று கூப்பிட காரணம் கிடைத்துவிடும். எந்த அறையில் என்ன காணாமல் போனாலும் முதல் சந்தேகமும் உள்ளேயே தங்குகிறவர்மேல்தான் விழும். கீ ஒப்படைத்த நேரம் பதிவேட்டில் இருந்தால் அந்தப் பேச்சு அங்கேயே முடியும்.

சாதாரண உடையில் போகும்போது விருந்தினர் கேட்டால், நின்று முகம் பார்த்துக் கேளுங்கள். டெஸ்க் வரை கூட்டிப்போய், டூட்டியில் இருக்கிறவரிடம் பெயரைச் சொல்லி ஒப்படையுங்கள். டெஸ்குக்குப் பின்னால் மட்டும் போகாதீர்கள். ஒரு தடவை போய் கீபோர்டைத் தொட்டால் அடுத்த வாரம் வரிசை நீளும்போதெல்லாம் மேலே போன் வரும். அறை போனைப் பற்றியும் ஆபரேட்டரிடம் சொல்லி வையுங்கள்: காலை 8 முதல் மாலை 4 வரை உங்கள் எண்ணுக்கு வருகிற அழைப்பு டூட்டி மேனேஜருக்குத் திரும்ப வேண்டும். கடிதத்தில் எழுதிய அந்த அவசரங்களுக்கு மட்டும்தான் உங்கள் அறையில் மணி அடிக்க வேண்டும். வீட்டாருக்கு உங்கள் கைபேசி இருக்கிறதே.

அப்புறம், தினமும் ஒரு தடவை கட்டடத்தை விட்டு வெளியே நடந்துவிட்டு வாருங்கள். எங்கே என்பது முக்கியமில்லை. உள்ளேயே தங்குகிறவர்களுக்கு வெயில் படாமல் வாரம் ஓடுவது தெரியவே தெரியாது, சாப்பாடும் உள்ளே, துணி துவைப்பதும் உள்ளே, பேச ஆளும் உள்ளே. என்னோடு குவார்ட்டர்ஸில் இருந்த பெண்களில் நன்றாக இருந்தவர்கள் எல்லோருக்கும் வெளியே ஏதோ ஒன்று இருந்தது, ஒருத்திக்குத் தையல் வகுப்பு, ஒருத்திக்கு நூலகம். வங்கிக் கணக்கு, அடையாள அட்டை எல்லாம் குடும்பம் இருக்கிற முகவரியிலேயே இருக்கட்டும். ஹோட்டல் முகவரிக்கு எதையும் மாற்றாதீர்கள்.

கடிதத்தில் அழைப்பு வரி எப்படி வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெள்ளிக்கிழமை என்பது அவர்கள் வைத்த கெடு, திங்கள்கிழமை வரை கேட்டால் பொதுவாகக் கொடுப்பார்கள். ராத்திரி வேலைக்கு நல்ல ஆள் கிடைப்பது அவ்வளவு சுலபம் இல்லை.

இரவுப்பணி:

திங்கள்கிழமை வரை நேரம் கொடுத்துவிட்டார்கள். அழைப்பு வரியில் மூன்று காரணங்களை மட்டும் எழுதி, மற்றதெல்லாம் ரோஸ்டர் வழியாக என்று திருத்தி அனுப்பியிருக்கிறேன். மகள் பள்ளி விடுமுறையில் வரலாம், பதிவேட்டில் பெயர் எழுதினால் போதும் என்றார்கள். கடிதம் வந்ததும் இங்கே சொல்கிறேன்.